எண்பது கண்ணு

பஸ்ஸைப் பின்னால் எடுப்பது என்றாலே சகாதேவனுக்குப் பயம். இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன். கீழ்பென்னாத்தூர் சந்தைக் கூட்டத்தில்கூட ஒரு கோழிக்குஞ்சை நசுக்காதவன். ஆனால் அதெல்லாம் முன்னால் பார்த்து ஓட்டும் வரைக்கும்தான். ரிவர்ஸ் கியரைத் தொட்டால் கை வேர்க்கும். அதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். அந்தக் காரணம் தினமும் பஸ் ஸ்டாண்டுச் சுவரோரம் உட்கார்ந்து அவிச்ச மல்லாட்டைக் கடலை விற்றுக்கொண்டிருந்தது.

பெயர் பச்சையம்மாள். போன சித்திரையில் வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது அவளுடைய இடது கால் பின்சக்கரத்துக்கு அடியில் போயிற்று. கண்டக்டர் ராமதாஸ் பின்னால் நின்று பார்த்து விசில் ஊத வேண்டியவன். ஊதத்தான் செய்தான், பூக்கடைப் பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டே ஊதினான். பின்கண்ணாடி வழியாகச் சகாதேவனே பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பின்கண்ணாடி எங்கே இருந்தது? முதலாளி ஆதிமூலம் அதை முழுக்கப் பெயிண்ட் அடித்து மூடி, குலதெய்வத்தை வரைந்து, சாமியைவிடப் பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதி வைத்திருந்தார்.

கேஸ் நடக்கவில்லை. ஆதிமூலம் ஆள் விட்டுப் பேசினார். "வண்டி நின்னுக்கினு இருக்கச்சொல்ல அந்தம்மாவே தவறி அடியில விழுந்துட்டாங்க" என்று ஒரு காகிதம் எழுதி நீட்டினார். அதில் சகாதேவன் கையெழுத்துப் போட்டான். அந்தக் கையால் அதற்குப் பிறகு சோறு பிசையும்போதெல்லாம் அவனுக்குக் குமட்டியது.

பச்சையம்மாள் ஒரு காலும் ஒரு கட்டையுமாக அதே இடத்துக்குத் திரும்பி வந்தாள். வேறெங்கே போவாள்? நிழல் விழும் சுவர் அது ஒன்றுதான். பஸ் ஏறுகிறவர்கள் கடலை வாங்குவதும் அங்கேதான். சகாதேவனைக் கண்டால் சிரிப்பாள்.

"இன்னா டிரைவரு, இன்னொரு காலு கீது. பாத்து எடு."

அவள் வைதிருந்தால் தேவலாம் என்றிருக்கும் அவனுக்கு.

தேரடித் தெருவில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த ஜானி பாஷா அவனுக்கு வெகுநாள் சிநேகிதர். ஒரு மத்தியானம் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சகாதேவன் புலம்பினான். பாய் ஒரு டிவியைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டே கேட்டார்.

"மெட்ராஸ்ல ஒரு நகைக்கடையில பாத்தேன்பா. மேல மூலையில ஒரு காமிரா. மொதலாளி உள் ரூம்ல குந்திக்கினு டிவியில கடை பூராவும் பாக்கறாரு. எவன் எத்த எடுத்து மடியில சொருவறான்னு அப்பிடியே தெரியுது. திருடனப் பாக்க அவன் வச்சிருக்கான். மனுசனப் பாக்க நாம வச்சா இன்னா?"

"எங்க பாய், பஸ்ஸுலயா?"

"பஸ்ஸு பின்னாடி காமிரா. உன் பக்கத்துல டிவி. ரிவர்ஸ் எடுக்கச்சொல்ல ராமதாஸ் மூஞ்சியப் பாக்காத, டிவியப் பாரு."

நகைக்கடைக்காரர் கழற்றிப் போட்ட பழைய காமிரா ஒன்றை ஜானி பாஷா பிடித்துக்கொண்டு வந்தார். வண்டி பேட்டரியில் அது ஓடுகிற மாதிரி ஒரு டப்பா செய்தார். சின்ன கறுப்பு வெள்ளை டிவி ஒன்று சேர்ந்தது. ஆதிமூலம் ஒப்புக்கொண்டார். பச்சையம்மாளின் கால் அவர் மனசை உருக்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். திருவண்ணாமலையில் வேறெந்த பஸ்ஸிலும் டிவி இல்லை, அவ்வளவுதான்.

டிரைவர் பக்கத்து எஞ்சின் மூடிமேல் இரும்புச் சட்டம் அடித்து டிவியை முடுக்கினார்கள். முதல் சோதனையிலேயே ஒரு கோளாறு. ஜானி பாஷா வண்டிக்குப் பின்னால் இடது பக்கம் நின்றார், டிவியில் வலது பக்கம் தெரிந்தார். இப்படிப் பார்த்து ஓட்டினால் இருக்கிற ஆளை விட்டு இல்லாத ஆளுக்கு ஒதுங்க வேண்டியதுதான். பாய் யோசித்தார். டிவியைத் திறந்து படக்குழாயின் கழுத்தில் சுற்றியிருந்த கம்பிச் சுருளில் இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டார். இடது இடதாயிற்று. வெயில் படாமல் அட்டையை வெட்டி ஒரு தாழ்வாரமும் கட்டினார்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் சகாதேவன் ரிவர்ஸ் கியரைப் போட்டு டிவியைப் பார்த்தான். சுவர் தெரிந்தது. கூடை தெரிந்தது. கட்டைவிரல் உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் பச்சையம்மாள் உட்கார்ந்து யாருக்கோ கடலை அளந்துகொண்டிருந்தாள். அவன் வண்டியை நிறுத்தி, அவள் கூடையை நகர்த்துகிற வரைக்கும் காத்திருந்து, பிறகு எடுத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இறங்கிப் போய் அவளிடம் சொன்னான்.

"யம்மா, பின்னாடி எனக்குக் கண்ணு வந்துடுச்சி. இனிமே பயப்படாத."

"நான் எங்கப்பா பயந்தேன்? நீதான் நடுங்கிக்கினு இருந்த."

அந்த நிம்மதி ஒரு மாசம் நீடித்தது. ஆயுத பூஜை வந்தது. முதலாளியின் சம்சாரம் கஸ்தூரி வண்டிக்குப் பொட்டு வைத்தாள், சக்கரத்துக்கு வைத்தாள், காமிராவின் கண்ணாடி மேலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். காலையில் டிவியில் ஒரு கறுப்புத் திட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சகாதேவன் துடைத்தான். சாமிக்கு வைத்ததை அழித்த பாவி என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். பரவாயில்லை, கண்ணுக்குப் பொட்டு வைக்கிறவர்கள் மடையர்கள்தான், கெட்டவர்கள் இல்லை என்று விட்டுவிட்டான். கெட்டது அப்புறம் வந்தது.

புருஷன் வீட்டுக்குப் புறப்பட்ட ஒரு பெண் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் தாய் வழியனுப்பிவிட்டுச் சும்மா வண்டிக்குப் பின்னால் நடந்து போனாள். பெண் டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்து, "ஐயே, அம்மா டிவியில வராங்க!" என்று கத்தினாள். வண்டியே எழுந்து வந்து பார்த்தது. பஸ் ஸ்டாண்டில் இருந்த ஆதிமூலமும் பார்த்தார்.

மறுநாள் சகாதேவன் வண்டி ஏறியபோது டிவி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. சட்டத்தைக் கழற்றி, சீட்டுகளைப் பார்க்கத் திருப்பி முடுக்கியிருந்தார்கள். டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் கூட. ஜன்னலோரம் நின்று கையாட்டிக்கொண்டிருந்த உறவு ஜனமெல்லாம் இப்போது வண்டியின் பின்னால் போய் நின்று கையாட்டியது. எந்த இடத்தில் ஆள் நிற்கக் கூடாதென்று காமிரா வைத்தார்களோ, அந்த இடத்துக்கே ஊரை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார் அந்த மகானுபாவர். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

"மொதலாளி, இது நான் பாக்கறதுக்கு வச்சதுங்க."

"நீ ஒருத்தன் பாக்கறதுக்கு ஒரு டிவியாடா? கணக்குப் போட்டுப் பாரு. உனுக்கு ரெண்டு கண்ணு. உள்ள நாப்பது பேரு, எண்பது கண்ணு. பின்னாடி எவன்னா இருந்தா ஒருத்தனாச்சும் கத்த மாட்டானா? ராமதாஸ் விசிலு வேற கீது. புடிக்கலைன்னா சொல்லு, வேற டிரைவரு ரெடியா கீறான்."

சகாதேவன் வண்டியை எடுத்தான். சாயங்காலம் ஜானி பாஷாவிடம் போய்ச் சொன்னான். பாய் வாயிலிருந்த வெற்றிலையைச் சாக்கடையில் துப்பினார்.

"த்தூ! வா, இப்பவே போயி கழட்டிடலாம்."

"வேல போயிடும் பாய்."

ஜானி பாஷா அவனை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. டீ சொல்லவும் இல்லை.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலை. பஸ் ஸ்டாண்டு நாறியது. வாழைப்பழத் தோல், எச்சில் இலை, சுவரோரமெல்லாம் மூத்திரம். அதற்கு நடுவில் ஊருக்குத் திரும்புகிற ஜனம் நெருக்கியடித்தது. ஆதிமூலம் வெள்ளை வேட்டியோடு நின்று கூவிக்கொண்டிருந்தார்.

"வழியனுப்ப வந்தவங்கள்லாம் பின்னாடி போங்க! உள்ள டிவியில தெரிவீங்க! பின்னாடி போங்க!"

போனார்கள். சகாதேவன் சீட்டிலிருந்து எழுந்து உள்ளே திரும்பி நின்றான்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. எனக்கு டிவி தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். பின்னாடி யாருன்னா கிட்ட இருந்தா சத்தமா கத்துங்க."

"சரிப்பா, சரிப்பா. நாங்க பாத்துக்கறோம், நீ எடு" என்றான் முன்சீட்டில் இருந்த ஒரு மொட்டைத் தலைக்காரன்.

ராமதாஸ் விசில் ஊதினான். வண்டி பின்னால் நகர்ந்தது. உள்ளே ஒரே கும்மாளம். "மாமா கையாட்டறாரு பாரு!" "மாமாவுக்கு டிவியிலதான் தொந்தி தெரியுது." "ராமதாசு தல வாரிக்கறான் டோய்!" மறுபடி விசில். "அந்தக் கெழவியப் பாரேன், பெருசா வந்துக்கினே கீது!" ஒரே சிரிப்பு.

அப்போது பின்தகரத்தில் டொக்கென்று ஒரு சத்தம். கட்டையால் அடிக்கிற சத்தம். டொக், டொக். அடுத்த அடி விழவில்லை. சகாதேவன் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தான்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தான். பச்சையம்மாள் கீழே கிடந்தாள். ஊன்றுகட்டை சக்கரத்துக்கடியில் இரண்டாகப் பிளந்திருந்தது. கடலை கூழாகியிருந்தது. அவள் முந்தானையின் மேல் டயர் ஏறி நின்றது. இருக்கிற அந்த ஒற்றைக் காலுக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. உறவு ஜனம் வண்டி வர வரத் தாவி விலகிக்கொண்டது. அவளால் தாவ முடியாது. ராமதாஸ் வாயில் விசிலும் கையில் சீப்புமாக, காமிராவைப் பார்த்தபடியே நின்றிருந்தான்.

வண்டியை முன்னால் எடுக்கலாமென்றால் அந்த இடம் சரிவு. பிரேக்கை விட்டால் முதலில் ஒரு சாண் பின்னால் வந்துவிட்டுத்தான் முன்னால் போகும். சகாதேவன் ஒரு கல்லைப் புரட்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். பூக்காரி பொன்னி வாழைநார் கிழிக்கிற கத்தியைக் கொடுத்தாள். முந்தானையை அறுத்துப் பச்சையம்மாளை இழுத்து எடுத்தான்.  

"கண்ணு வந்துடுச்சின்னு சொன்னியேப்பா" என்றாள் பச்சையம்மாள். "அத்த யாருக்குக் குடுத்துட்ட?"

அவன் வண்டிக்குள் ஏறினான். நாற்பது பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் கடலை உரித்துக்கொண்டிருந்தான். அவளிடம் வாங்கிய கடலை.

"அந்தம்மாவப் பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"ஏன் கத்தல?"

மொட்டைத் தலைக்காரன் வேறு பக்கம் பார்த்தான். "நீ நிறுத்துவேன்னு நெனச்சம்பா." பின்னாலிருந்து ஒரு குரல், "கண்டக்டரு விசிலு ஊதினாரே." குழந்தையை மடியில் வைத்திருந்த ஒருத்தி மட்டும் உள்ளபடி சொன்னாள்: "எங்களுக்கு இன்னா தெரியும்? டிவியிலதான வந்துச்சி."

சகாதேவனுக்கு ஆத்திரம் வந்தது. அவர்கள் மேலா, ஆதிமூலத்தின் மேலா, இந்த எண்பது கண்ணை நம்பி கியரைப் போட்ட தன் மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஜன்னல் வழியாகக் காறித் துப்பினான். சீட்டுக்கடியிலிருந்து ஸ்பேனரை எடுத்து டிவிச் சட்டத்தின் நட்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

"யோவ், டிவி பஸ்ஸுன்னுதான ஒரு ரூபா ஜாஸ்தி குடுத்தோம்? இப்பக் கழட்டினா எப்பிடி?"

ஆதிமூலம் படியில் ஏறி வந்தார். "டேய், எவன் கேட்டுடா அதுல கைய வக்கிற?"

சகாதேவன் திரும்பாமலே சொன்னான்.

"இனிமே டிவி என்னப் பாத்துதான் இருக்கும். மறுபடி திருப்பினீங்கன்னா, போன சித்திரையில நான் போட்ட கையெழுத்து பொய்யின்னு நானே போயி எழுதிக் குடுப்பேன். நான் ஜெயிலுக்குப் போறேன். நீங்களும் கூட வாங்க."

ஆதிமூலம் படியிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டார்.

சகாதேவன் டிவியைத் தன் பக்கம் திருப்பி நட்டை இறுக்கினான். படம் தெரிந்தது. கிழிந்த புடவையோடு பச்சையம்மாள், பொன்னியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கட்டையில்லாமல் ஒற்றைக் காலால் தத்தித் தத்திச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவள் சுவரைத் தொடுகிற வரைக்கும் அவன் கியரைத் தொடவில்லை, டிவியைவிட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் சீட்டுகள் கிறீச்சிட்டன. எல்லோரும் எழுந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தார்கள். மொட்டைத் தலைக்காரன் அவன் தோளைத் தட்டினான்.

"டிரைவரே, தலைய கொஞ்சம் தள்ளிக்கப்பா. மறைக்குது."