கன்னத்தில் அஞ்சு விரல்

அப்பா போய்விட்டார் என்பது தொட்டதுமே சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. உடம்பு சில்லிட்டிருந்தது. இடது பக்கமாக ஒருக்களித்து, உள்ளங்கையைக் கன்னத்துக்கு முட்டுக்கொடுத்து, என்றும் போலத்தான் படுத்திருந்தார். மல்லாக்கப் புரட்டினாள். மடங்கின கை மடங்கினபடியே கூட வந்தது. நீட்டிப் பார்த்தாள், கன்னத்தை விட்டுக் கொஞ்சம் விலகியதோடு சரி, மரக்கட்டை. அதோடு மல்லுக்கு நிற்க அவளிடம் தெம்பில்லை. அவர் படுக்கையில் விழுந்ததிலிருந்து அவரைப் புரட்டியே அவள் இடுப்பு விட்டுப்போயிருந்தது. போர்வையை இழுத்து மூடினாள். டாக்டருக்கும் அண்ணனுக்கும் போன் செய்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

முந்தி வந்தது அண்ணன்தான். குடியிருப்போர் சங்கத் தலைவர். தண்ணீர்த் தொட்டி கழுவுவதைக்கூட மைக் பிடித்து அறிவிக்கிற ஆள். உயிரோடிருந்த அப்பாவைப் பார்க்க மட்டும் அவனுக்கு நேரம் கூடிவந்ததில்லை. போர்வையை விலக்கிக் குனிந்தவன் அப்படியே நின்றான்.

இடது கன்னம் முழுக்க ஊதா பாய்ந்திருந்தது. அதன் நடுவே வெளிறிப்போய் ஒரு கையின் தடம்.

"என்ன இது?"

"தெரியலண்ணா. காலையில பார்க்கும்போதே இருந்துது."

"அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு."

இந்தப் பேச்சுக்கு ஊரில் ஒரே அர்த்தம்தான். மாத்திரையை அவர் அவள் முகத்திலேயே துப்பிய நாள்களில் அவளுக்குக் கை பரபரத்ததுண்டு. ஓங்கியதில்லை. ஆனால் அதற்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் கட்டிலில் கிடந்தார்.

"கன்னத்தைப் பொத்திக்கிட்டே உயிரை விட்டிருக்கார் பாரு," என்றான் அண்ணன். "இந்த இடத்துல நான் ஒண்ணைப் பதிவு பண்ண விரும்புறேன்."

"யார்கிட்டண்ணா? நீ, நான், அவரு. அவ்வளவுதான் கூட்டம்."

அவன் பால்கனிக்குப் போய் அத்தையைப் போனில் பிடித்தான். குரலைத் தாழ்த்துகிற பழக்கம் அவனுக்கு இல்லை. "இவ அடிச்சான்னு நான் சொல்லல அத்தை. ஆனா சொல்லாம இருக்கவும் மனசாட்சி விடல."

அத்தைக்குத் தெரிந்தால் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் தெரிந்த மாதிரி. இனி எந்த வீட்டு வாசலில் நின்றாலும் அவள் அப்பனை அடித்தவள். எழுந்துபோய் போனைப் பிடுங்கலாம். எழுந்திருக்கவேண்டுமே.

டாக்டர் வந்தபோது அவரும் ராத்திரி தூங்கினவர் போல இல்லை. கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், தாடையை அசைத்துப் பார்த்தார்.

"எப்படிப் படுத்திருந்தார்மா?"

சொன்னாள். அண்ணன் குறுக்கே புகுந்தான். "டாக்டர், அந்தக் கன்னத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். பொறுப்புள்ளவங்க நாம."

"கவனிச்சேன் சார். செத்தா ரத்தம் ஓடாது. ஓடாத ரத்தம் பள்ளம் பார்த்து இறங்கும். இந்தப் பக்கமா கிடந்தார், இந்தப் பக்கம் தேங்கி ஊதாவாச்சு. எந்த இடம் அமுங்கியிருக்கோ அங்க மட்டும் இறங்க முடியாது, வெளுப்பா நின்னுடும்." சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். மெத்தையில் அழுந்திய இடம் வெள்ளை, சுற்றிலும் ஊதா. "மெத்தை அடிச்சுதுன்னு சொல்வீங்களா?"

"அப்ப அந்த விரல்?"

டாக்டர் விறைத்த கையைக் கன்னத்தை நோக்கி மெல்லத் தள்ளினார். கொஞ்ச தூரம்தான். தடத்தில் விரல்கள் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தன.

"அவர் கைதான். அறை வாங்கின கன்னம் சிவக்கும் சார், வெளுக்காது. கையை இழுக்காதீங்க, நாளைக்கு அதுவே தளர்ந்துடும்."

அண்ணன் தொண்டையைச் செருமினான். "நானும் அதைத்தான் நினைச்சேன். இருந்தாலும் முறைப்படி ஒரு நிபுணர் வாயால வரணுமில்ல."

போனை எடுத்தான். மறுபடி பால்கனிக்குப் போனான்.

டாக்டர் போன பிறகு அவள் கட்டிலுக்குக் கீழேயே பாயை விரித்துச் சாய்ந்தாள். கண் சொருகும் நேரம் பார்த்து அத்தையின் போன்.

"ஏன்டீ, உன் மேல பழி விழுந்துடக்கூடாதுன்னு உங்கண்ணன் டாக்டரை வச்சு நிரூபிச்சானாமே. அப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்."

டாக்டரைக் கூப்பிட்டது யார், பழியைக் கிளப்பினது யார் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லவேண்டும். அத்தை நடுநடுவே "என்னது?" என்பாள். திரும்பச் சொல்லவேண்டும்.

"ஆமா அத்தை," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.