வாய் தொட்டது மட்டும்

மனித மனவுறுதிக்கு முன்னால் மலையும் மண்டியிடும். தராஸ் நகரத்து இரண்டாம் ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு மேலே, ஆறு மீட்டர் அகலப் பலகையில் தங்க எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. எழுத்துக்கு அடியில் ஒரு பெண், தன்னுடைய பழைய கால்சட்டையின் ஒற்றைக் காலுக்குள் முழு உடம்பையும் நுழைத்துக்கொண்டு சிரித்தாள். மூன்று வருடமாகச் சிரிக்கிறாள். நெற்றியில் புறா எச்சம் காய்ந்திருந்தது. வாசகத்தின் கடைசி எழுத்துகள் உதிர்ந்துவிட்டதால், மலை மண்டியிட்டதா, யோசித்துக்கொண்டிருக்கிறதா என்பது தெளிவாக இல்லை.

பலகைக்கு நேர் கீழே, இரண்டு கையிலும் பை தொங்க, பதினேழாம் நம்பர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தவளும் அதே பெண்தான். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"இந்தப் பொம்பள செத்துப்போயிட்டாளாமே?" என்றாள் சூரியகாந்தி விதை விற்கிறவள், அண்ணாந்து பார்த்து.

"அப்படி ஒரு பொம்பளையே கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றது," என்றாள் விதை வாங்கிக்கொண்டிருந்தவள். பிறகு பக்கத்தில் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க அக்கா?" என்று கேட்டாள்.

"கம்ப்யூட்டராத்தான் இருக்கும்," என்றாள் ஒரின்குல்.

ஒரின்குலுக்கு நாற்பத்தெட்டு வயது. நகர சமூகசேவை அலுவலகத்தில், தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் வேலை செய்பவள். அவள் பொறுப்பில் ஏழு வீடுகள். மருந்து, மளிகை வாங்கிக் கொடுத்து, தரை துடைத்து, முதுகு தேய்த்து, தொலைக்காட்சிப் பெட்டியோடு அவர்கள் போடும் சண்டையைத் தீர்த்துவிட்டு வர வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன் அவள் எடை நூற்றி இருபத்தேழு கிலோ. 'புதுமூச்சு' கிளினிக்கின் தலைமை மருத்துவர் சாபித் தெமிரோவிச் அவள் இரைப்பையை வாழைக்காய் அளவுக்கு வெட்டித் தைத்தார். காசு வாங்கவில்லை, படத்தைப் பலகையில் போட்டுக்கொள்ள அனுமதி மட்டும் வாங்கிக்கொண்டார். ஒன்றரை வருடத்தில் எழுபத்து மூன்றுக்கு வந்தாள். பலகையில் இருப்பது அந்த எழுபத்து மூன்று. நிறுத்தத்தில் நிற்பது நூற்றி ஒன்பது.

செப்டம்பர் பரிசோதனையில் சர்க்கரை திரும்பி வந்திருந்தது. முழங்கால் வீங்கியிருந்தது. அலுவலக மேலாளர் கவுஹர் காகிதத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

"ஒரு மாசம் தரேன். நூத்தஞ்சுக்குக் கீழ வந்தாச்சுன்னு, உன்ன வெட்டின டாக்டர்கிட்டயே சீட்டு வாங்கிட்டு வா. இல்லன்னா வீடுவீடாப் போறது முடிஞ்சுபோச்சு. இங்க ஆபீஸ்ல தரை துடைக்கிற வேலை இருக்கு. பாதி சம்பளம்."

"என் வீடுங்க?"

"உன் வீடா? அது சர்க்காரோட வீடும்மா. வேற ஆளப் போடுவோம்."

கிளினிக்குக்குப் போகவே அவளுக்குக் கால் கூசியது. ஒருவர் தைத்துக் கொடுத்த சட்டையைக் கிழித்துக்கொண்டு அவர் முன்னாலேயே போய் நிற்பது மாதிரி. பின்வாசல் வழியாகப் போனாள். உணவு ஆலோசகி மெருயெர்த் என்ற சின்னப் பெண் ஒரு நோட்டைக் கொடுத்தாள். அதில் நான்கு பத்திகள்: நேரம், உணவு, அளவு, காரணம். காரணத்துக்கு மூன்று சொற்கள் அச்சடித்தே இருந்தன: பசி, சலிப்பு, துக்கம். ஒன்றைச் சுழித்தால் போதும்.

ஒரின்குல் ஒரு வாரம் ஒழுங்காக எழுதினாள். காலை ஒரு முட்டை. மதியம் கோழிக்கறி எண்பது கிராம். மாலை கெட்டித் தயிர். எல்லாவற்றுக்கும் பசியைச் சுழித்தாள். வாரக் கடைசியில் எழுநூறு கிராம் ஏறியிருந்தது.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க," என்றாள் மெருயெர்த். "இத மட்டும் சாப்பிட்டிருந்தா நீங்க இந்நேரம் காத்துல பறக்கணும்."

"ரொட்டி மேல சத்தியம். அதத்தாம்மா சாப்பிட்டேன்."

"அப்ப எழுநூறு கிராம்? மழைல நனைஞ்சு ஊறிட்டீங்களா?"

ஒரின்குலுக்குக் கண் கலங்கியது. கைக்குட்டை எடுக்கக் கோட்டுப் பையில் கைவிட்டாள். கைக்குட்டையோடு பாதி பவுர்சாக் ஒன்று வெளியே வந்து, மேசையில் உருண்டு, நோட்டின் மேல் எண்ணெய் வட்டம் போட்டு நின்றது.

"இது என்ன?"

"பவுர்சாக்."

"எண்ணெயில பொரிச்ச மாவுன்னு எனக்கும் தெரியும். நோட்டுல ஏன் இல்ல?"

"சாப்பிட்டாத்தானேம்மா எழுதணும்? இது வாய் தொட்டது."

மெருயெர்த் பேனாவைக் கீழே வைத்தாள். அவளும் அந்த ஊர்ப் பெண்தான். அன்று காலை நேரமாகிவிட்டது என்று ஓடியவளை வாசலில் மறித்து, 'ரொட்டில வாய் தொடாமப் படி தாண்டாதே' என்று அம்மா ஒரு துண்டு ஊட்டித்தான் அனுப்பியிருந்தாள். அந்தத் துண்டை அவளும் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

"எத்தன வீடு?" என்றாள் மெதுவாக.

"ஏழு."

"ஒரு வீட்டுல எத்தன தடவ வாய் தொடுவீங்க?"

"போனதும் ஒண்ணு. கிளம்பறப்ப ஒண்ணு. மாட்டேன்னா மனசு நொந்துருவாங்க."

"நடுவுல?"

"நடுவுல என்ன, பால் தேத்தண்ணிதான். அத யாரு சாப்பாடுன்னு சொல்லுவா?"

மெருயெர்த் கூட்டிப் பார்த்துக் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். "இது ஒரு முழு ஆளோட சாப்பாடு அக்கா. நீங்க சாப்பிடறது தனி. வெட்டின வயித்துல கறி நிறைய நிக்காது. ஆனா மாவும் பாலும் வழுக்கிக்கிட்டே இறங்கும், நாள் பூரா இறங்கும். உங்க உடம்புக்குள்ள இன்னொருத்தி உக்காந்து வாய் தொட்டுக்கிட்டே இருக்கா."

ஒரின்குல் தலையைக் குனிந்துகொண்டாள். திருடியதற்காகக் கூட அவள் இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டாள். திருடினால் திருடினோம் என்றாவது தெரிந்திருக்கும்.

மறுநாளிலிருந்து வாயைப் பூட்டினாள். "உபவாசமா?" என்றார்கள் ஆறு வீட்டில். "பல்வலி," என்றாள். பொய் சொன்ன குற்றம் ஒன்று, ரொட்டியைத் தள்ளிய குற்றம் ஒன்று. சாப்பிட்டால் கிளினிக்குக்குப் பாவம், சாப்பிடாவிட்டால் சாமிக்குப் பாவம் என்று ஆகிவிட்டது பிழைப்பு.

ஏழாவது வீடு துங்கிஷ்பாயுடையது. எண்பத்தோரு வயது. முப்பத்தாறு வருடம் சரக்கு ரயில் ஓட்டியவர். மனைவி போனபின் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்று ஒரு வீம்பு. கண்ணில் புரை. எதிரில் இருப்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. ஆனால் ஆள் மெல்லும் சத்தம் தெரியும்.

"நீ வாயில வெச்சாத்தான் எனக்கு சிக்னல்," என்பார். "சிக்னல் விழாம வண்டிய எடுத்தவன் இல்ல நான்."

திங்களன்று, "பல்வலி பெரியப்பா, நீங்க சாப்பிடுங்க," என்று தட்டை வைத்துவிட்டு அடுத்த அறையைத் துடைக்கப் போனாள். திரும்பி வந்தபோது தட்டைக் காணோம். சாப்பிட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நிம்மதியானாள். செவ்வாய், புதனும் அப்படியே. வியாழக்கிழமை அவருக்குச் சட்டை மாற்றும்போது கால்சட்டை நழுவியது. இடுப்பில் வார்க்குப் பதில் கயிறு. அலமாரியைத் திறந்தாள். மூன்று தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மூடி வைக்கப்பட்டிருந்தன. கீழ்த் தட்டில் நூடுல்ஸ் பூசணம் பிடித்திருந்தது.

"இது என்ன பெரியப்பா?"

"நிக்குது," என்றார் கிழவர். "பாதை கிடைக்கல."

"விளையாட்டா இது? மூணு நாளா என்ன சாப்பிட்டீங்க?"

"நீ என்ன சாப்பிட்டேன்னு நான் கேட்டேனா? பல்வலின்னு சொன்னே, நம்பினேன். ரெண்டு பேரும் நம்பிக்குவோம்."

ஒரின்குல் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி முனகியது. ஒரு பவுர்சாக்கை எடுத்து, அவர் காதுக்குக் கேட்கும்படி கடித்தாள்.

"ஆங்," என்றார் கிழவர், கையை நீட்டி. "பச்சை விழுந்துருச்சு." நாலு பவுர்சாக், ஒரு கிண்ணம் சூப், மூச்சு விடாமல்.

அன்று மாலை நோட்டில் முதல்முறையாக எழுதினாள்: பவுர்சாக், ஒன்று. காரணத்தில் பசி, சலிப்பு, துக்கம் மூன்றையும் பார்த்தாள். எதையும் சுழிக்காமல், ஓரத்தில் 'சிக்னல்' என்று எழுதினாள்.

மெருயெர்த்துக்கு அதை விளக்க அரைமணி நேரம் பிடித்தது. கேட்டுவிட்டு அந்தப் பெண் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "சிக்னல் பவுர்சாக்காத்தான் இருக்கணும்னு ரயில்வேல சட்டம் இருக்கா?" என்றாள். "உங்க அவிச்ச முட்டைய வீட்டுல தின்னாதீங்க. அங்க கொண்டுபோய் அவர் எதிர்ல தின்னுங்க. மத்த வீட்டுல ரொட்டித் துணுக்கு ஒண்ணே ஒண்ணு, நகம் அளவு. தேத்தண்ணி வேண்டாம், வெந்நீர். எல்லாத்தையும் எழுதுங்க. நகத்தையும் எழுதுங்க."

கிழவருக்கு முட்டை உரிக்கும் சத்தம் பிடித்துப்போயிற்று. "கோழி கொடி காட்டுது," என்று சிரித்தார். ஆறு வீட்டுக்காரர்களும் நகம் அளவு துணுக்கை வாய் தொட்டதாக ஒப்புக்கொண்டார்கள். அளவைப் பற்றிச் சம்பிரதாயத்தில் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். மூன்று வாரம். கெடு முடியும் வெள்ளிக்கிழமை காலை வீட்டுத் தராசு நூற்றி நாலரை காட்டியது. இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தாள். அதேதான்.

சீட்டு வாங்க கிளினிக்குக்குப் போனால், வாசலில் பலூன். 'புதுமூச்சு' கிளினிக்கின் ஆண்டு விழா. கூடத்தில் நீள மேசை, வேகவைத்த ஆட்டிறைச்சி, அகலமான மாவுத் தகடுகள், குதிரைக் கறித் துண்டுகள், மலைமலையாகப் பவுர்சாக். சுவர் முழுக்க அவளுடைய படம், ஒற்றைக் கால்சட்டைக் காலோடு.

"என்னைய எடை பாத்து சீட்டு குடுத்துடுங்கம்மா, போயிடறேன்," என்று வரவேற்பு நர்ஸிடம் கெஞ்சினாள்.

"தராசு காலியில்ல அக்கா."

உண்மைதான். தராசு மேடையில், ரிப்பன் சுற்றப்பட்டு நின்றது. அதன் மேல் தேநீர்க் கொதிகலன் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"டாக்டர் பேசி முடிச்சதும் இறக்கிடுவாங்க. உக்காருங்க. வந்த வீட்டுல நிக்கக்கூடாது."

சாபித் தெமிரோவிச் நாற்பது நிமிடம் பேசினார். பசி என்பது அடிமைத்தனம், மேசையை வெல்பவன் உலகை வெல்வான் என்றார். பிறகு சுவரைக் காட்டி, "இதோ, மனவுறுதியின் மகள்! எங்க நம்ம ஒரின்குல்? வந்திருக்காளா?"

ஒரின்குல் கையைத் தூக்கினாள். டாக்டர் அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "எது?" என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டுவிட்டார். கூடத்தில் கொதிகலன் மட்டும் பேசியது.

ஆனால் பெரிய மனிதர்களுக்குச் சமாளிக்கத் தெரியும். "வா மகளே, வா!" என்று மேசைக்கு வந்தார். தட்டில் கையைவிட்டு, கறியும் மாவும் வால்கொழுப்பும் சேர்த்து ஒரு பிடி அள்ளினார். பெரியவர் கையால் ஊட்டும் பிடி ஆசீர்வாதம். அதற்கு வாய் திறக்காதவர்கள் அந்த ஊரில் பிறக்கவில்லை.

"டாக்டர், எனக்கு எடை..."

"வாயத் தொற. இது என் சார்பா." ஒரு பிடி. "இது கிளினிக் சார்பா." இரண்டாவது. "இது மனவுறுதிக்காக!" மூன்றாவது. எல்லோரும் கைதட்டினார்கள். வாழைக்காய் அளவு இரைப்பை நெஞ்சுக்குள் கல்லாய் நின்றது. வாயில் எச்சில் நுரைத்தது. வெளியே ஓடிப்போய்த் துப்பியிருந்தால் தப்பித்திருப்பாள். பெரியவர் கைப்பிடியைத் துப்புவதா? கண்ணில் நீர் வர விழுங்கினாள். விக்கல் நிற்க யாரோ இரண்டு கிண்ணம் பால் தேநீர் கொடுத்தார்கள். படம் எடுப்பவன் அவளைக் கேக்குக்குப் பின்னால், முகம் மட்டும் தெரிய நிறுத்தினான்.

கொதிகலன் இறங்க மாலை ஐந்து மணி ஆயிற்று. ரிப்பனை விலக்கி ஏறினாள். நூற்றி ஐந்து புள்ளி ஆறு.

"காலைல நூத்தி நாலரைம்மா," என்றாள் ஒரின்குல். "இப்ப உள்ள இருக்கிறது அவரு குடுத்தது. மெருயெர்த்தக் கேட்டுப் பாரு, நோட்டு இருக்கு."

"அவ இன்னிக்கு லீவு அக்கா. தராசு என்ன காட்டுதோ அதத்தான் நான் எழுத முடியும்," என்றாள் நர்ஸ், அவள் முகத்தைப் பார்க்காமல். டாக்டர் கடைசி எலும்பைக் கீழே வைத்துவிட்டு, படிக்காமல் கையெழுத்திட்டார்: இலக்கு எட்டப்படவில்லை. காரணம், நோயாளியின் மனவுறுதிக் குறைவு.

திங்களன்று கவுஹர் சீட்டை வாங்கிக்கொண்டு துடைப்பத்தையும் வாளியையும் காட்டினாள்.

"துங்கிஷ்பாய் பெரியப்பாவுக்கு யாரு?" என்றாள் ஒரின்குல். "அவரு தனியா..."

"புதுப் பொண்ணு போட்டாச்சு. கவலப்படாத, ரொம்ப ஒல்லி. வேலை நேரத்துல பச்சத் தண்ணி கூடத் தொட மாட்டாளாம்."

ஒரின்குல் வாளியை எடுத்துக்கொண்டாள். கவுஹர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஆட்டுக் கொழுப்பில் ஒரு கட்டைவிரல் ரேகை, முழுசாக விழுந்திருந்தது. முத்திரை என்று நினைத்து அதைக் கோப்பில் சேர்த்தாள்.