மேற்படி தெரு

அச்சகத் தெருவுக்கு அடுத்த தெரு, நகர மன்றத்தின் தீர்மானம் அமலுக்கு வந்த ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு இல்லாமல் போயிற்று. அச்சகத்தின் பக்கச் சுவர் முடிந்து தெரு திரும்ப வேண்டிய இடத்தில் சுவர் முடியாமல் நீண்டு, மாவு மில்லின் சுவரோடு சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். பார்த்தால் பழைய சுவர் போலவே இருந்தது. பாசி பிடித்து, காரை உதிர்ந்து, ‘விளம்பரம் செய்யாதீர்’ என்ற எழுத்தின் மேலேயே மூன்று சுவரொட்டிகள் ஒட்டப்பட்டிருந்தன. இருபத்து மூன்று வீடுகள், ஒரு சோடாக் கடை, எல்லோரையும் பார்த்துக் குரைத்துவிட்டுப் பிறகு வாலாட்டும் ஒரு நாய், இவ்வளவும் அந்தப் பக்கம் போய்விட்டன. அன்று விடுமுறை, தூறல் வேறு. ஆகவே ஒருவர் தவிர எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். அந்த ஒருவர் மாவு மில்லின் காவலாளி, கட்டை பிரம்மச்சாரி. வேலை முடிந்து வந்தவர் சுவரை மேலும் கீழும் பார்த்தார், இரண்டு தட்டுத் தட்டினார், பிறகு அச்சகத் தெருவிலேயே ஓர் அறை பிடித்துக்கொண்டார். “அந்த வீடு ஒழுகிக்கிட்டே இருந்துச்சு, இது பரவால்ல” என்றார்.

காரணம் நகர மன்ற எழுத்தர். கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மன்றம் கூடும். குடிநீர் எத்தனை மணிக்குத் திறப்பது, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, சந்தைக் கூரையின் ஓடு யார் தலையில் விழுந்தது என்று பதினோரு உறுப்பினர்கள் பேசுவார்கள். மருந்துக் கடைக்காரர் ஒன்றை முன்மொழிவார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் தையற்காரர் வழிமொழிந்துவிடுவார். ஊரில் அவருக்கு வழிமொழி என்றே பெயர். எழுத்தர் மனுக்களை உரக்கப் படித்துக் காட்டி, முடிவானதைத் தீர்மானப் புத்தகத்தில் முத்து முத்தாக எழுதுவார். இருபது வருஷத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. அவருக்கு ஒரே தங்கை. அந்த அடுத்த தெருவில்தான் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் வீட்டு வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கியது. அண்ணனிடம் சொன்னாள். ஆகட்டும் பார்க்கலாம் என்றார். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் ஆகட்டும் என்றார். சொந்தத் தங்கைக்கு முதலில் செய்தால் ஊர் என்ன சொல்லும் என்று ஒரு தயக்கம், கொஞ்சம் சோம்பல். அதற்குமேல் ஒரு காரணமும் இல்லை.

பொறுத்துப் பார்த்த தங்கை ஒரு நாள் மன்றத் தலைவருக்கே மனு எழுதி அலுவலகப் பெட்டியில் போட்டுவிட்டாள். எழுத்தர் வழக்கம்போல முன்கூட்டிப் பார்க்காமல் கூட்டத்தில் கணீரென்று படித்தார். ‘இது குறித்துத் தங்கள் அலுவலக எழுத்தரிடம், அவர் என் உடன்பிறந்த அண்ணன், மூன்று முறை வாய்மொழியாகச் சொல்லியும் பலனில்லை’ என்ற வரி வாயிலிருந்து பாதி வெளியே வந்தபிறகுதான் அவருக்கே உறைத்தது. மன்றம் விழுந்து விழுந்து சிரித்தது. “சொந்தத் தங்கச்சிக்கே இந்தக் கதின்னா ஊருக்கு என்ன கதி, கிளார்க் சார்?” என்றார் தலைவரம்மா. மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொன்னதல்ல. ஆனால் எழுத்தரின் காது சிவந்தது சிவந்ததுதான். மறுநாள் சாயங்காலம் தங்கை அவர் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபோது அவர் கதவைச் சாத்தவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவள் கால் மணி நேரம் நின்றாள். அவர் அதே பக்கத்தைக் கால் மணி நேரம் படித்தார். பிறகு அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவர் வீட்டில் தங்கையின் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்று ஆயிற்று. சொல்லியே தீரவேண்டிய இடத்தில் ‘மேற்படி’ என்பார். மேற்படியாள் சந்தையில் நின்றாள், மேற்படி வீட்டுக்காரன் சைக்கிளில் போனான், இப்படி. மனைவியும் பழகிக்கொண்டாள். நாலு வருஷம் போயிற்று. அந்த வருஷம் ஊரின் தெருப்பெயர்ப் பட்டியலைப் புதுப்பிக்கும் முறை வந்தது. எழுத்தர் உட்கார்ந்து வரிசையாக எழுதினார். எட்டாவதாக அச்சகத் தெரு என்று எழுதிவிட்டு ஒன்பதாவதற்கு வந்ததும் பேனா நின்றது. அந்தத் தெருவின் பெயரை எழுதினால் அவளோடு பேசிவிட்டது போலாகும் என்று தோன்றியது. பேனாவை ஓர் உதறு உதறிவிட்டு, ‘மேற்படி’ என்று எழுதிப் பத்தாவதற்குப் போய்விட்டார். மருந்துக் கடைக்காரர் முன்மொழிய, வழிமொழி வழிமொழிய, பட்டியல் ஒருமனதாக நிறைவேறியது. மேற்படி என்றால் மேலே சொன்னதுதான் என்று அர்த்தம். மேலே இருந்தது அச்சகத் தெரு. ஆக, ஒன்பதாவது என்று தனியாக ஒரு தெரு அந்த ஊரில் இல்லை என்பது சட்டமாகிவிட்டது. ஒன்றாம் தேதி அது நடைமுறைக்கும் வந்தது.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தபால்காரருக்கு நடை குறைந்தது. அந்தத் தெருவில் உறவு வைத்திருந்தவர்கள் சில வாரம் வந்து சுவரில் காது வைத்துக் கேட்டார்கள். குழந்தைகள் விளையாடுகிற சத்தமும் நாய் குரைக்கிற சத்தமும் கேட்டதால், நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று திரும்பிப் போனார்கள். கூப்பிட்டால் மட்டும் பதில் வராது. தண்ணீர் திறந்துவிடுபவர் பழைய அளவுக்கே தண்ணீர் செலவாகிறது என்று மன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை மனுப்பெட்டியைத் திறந்தபோது தங்கையின் மனு இருந்தது. ஓரத்தில் சாக்கடைத் தண்ணீர் பட்டு நனைந்திருந்தது. தெரு காணாமல் போனதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. சாக்கடை அடைப்பு இன்னும் எடுக்கப்படவில்லை, கொசுத் தொல்லை தாங்கவில்லை என்றுதான் எழுதியிருந்தாள். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் அவள் கையெழுத்திலேயே ‘மேற்படி தெரு’ என்று இருந்தது. தல ஆய்வுக்கு ஓவர்சீயரை அனுப்பினார்கள். அவர் சுவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தலத்தைக் காணவில்லை என்று எழுதிக் கொடுத்தார். தல ஆய்வு நடக்காததால் பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதற்கடுத்த மாதமும் மனு வந்தது. அதுவும் நனைந்திருந்தது.

மூன்றாவது மனுவோடு எழுத்தருக்கு மனசு ஆட்டம் கண்டுவிட்டது. பட்டியலில் பிழை நேர்ந்துவிட்டது, திருத்த வேண்டும் என்று அவரே ஒரு மனு எழுதி மன்றத்தில் படித்தார். இருபது வருஷத்தில் முதல் திருத்தம். “அதுக்கென்ன, தெரு பேரச் சொல்லுங்க, எழுதிடலாம்” என்றார் தலைவரம்மா. எழுத்தர் வாயைத் திறந்தார். மேற்படி என்று வந்தது. மருந்துக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, நான் சொல்கிறேன் என்று வாயைத் திறந்தார். மேற்படி. பதினோரு பேரும் சொல்லிப் பார்த்தார்கள். சோடாக் கடை எல்லோருக்கும் நினைவிருந்தது, மூன்றாவது வீட்டின் நீலக் கதவு நினைவிருந்தது, பெயர் மட்டும் வரவில்லை. காவலாளியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “இருபது வருசம் குடியிருந்தேன், தெரியாமப் போயிடுமா? எங்க மேற்படி...” என்று ஆரம்பித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். பழைய பதிவேடுகளை இறக்கித் தூசி தட்டிப் பார்த்தார்கள். எழுத்தர் பிறப்பதற்கு முன்னால் எழுதிய பதிவேட்டில்கூட, அந்தத் தெரு வருகிற இடத்தில் எல்லாம் எழுத்தரின் முத்தெழுத்தில் மேற்படி என்றே இருந்தது.

அப்போது தலைவரம்மாவுக்கு ஒன்று தோன்றியது. மன்றத்துப் பேனா படாமல், அந்தத் தெருக்காரியே தெருவின் பெயரோடு எழுதிக் கொடுத்த தாள் ஒன்று உண்டே, அந்த முதல் மனு. அதை எடுத்து வரச் சொன்னார். எழுத்தர் ஆவண அறைக்குப் போனார். தேடுவதற்கு ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். சிரிப்புக்கு ஆளான அன்றைக்கே அதை நாலாகக் கிழித்து, கொல்லையில் குப்பையோடு போட்டுக் கொளுத்தியிருந்தார். அறைக்குள் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வந்து, கோப்பில் காணவில்லை என்றார். தீர்மானப் புத்தகத்திலும் அப்படியே எழுதினார். அந்தப் புத்தகத்தில் அவர் எழுதிய ஒரே பொய் அது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். “பேரச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப ஊர்ல ஒருத்தராலயும் சொல்ல முடியல. நிம்மதிதானே?” என்றாள். அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தெருவை விட்டுவிட்டுத் தங்கையின் பெயரைச் சொல்லிப் பார்த்தார். தொட்டிலில் கிடந்தபோது அவரே ஆசையாகத் தேர்ந்தெடுத்து வைத்த பெயர். மேற்படி என்று வந்தது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. மாதம் தவறாமல் மனு வந்தது, மாதம் தவறாமல் ஒத்திவைக்கப்பட்டது. பதிலை அலுவலக வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தால், மத்தியானத்துக்குள் அது அங்கே இருக்காது. தங்களது மனு பரிசீலனையில் உள்ளது என்று ஒவ்வொரு மாதமும் அவர் குத்தி வைத்தார். அதற்குக் கீழே சொந்தமாக ஒரு வரி எழுத வேண்டும் என்று கை துடிக்கும், வராது. ஐந்தாவது வருஷத்து மனு ஒன்றில் தங்கை கடைசியில் ஒரு திருத்தம் எழுதியிருந்தாள். ‘எனது முதல் மனுவில் மூன்று முறை வாய்மொழியாகச் சொன்னதாகக் குறிப்பிட்டது தவறு. இரண்டு முறைதான் சொன்னேன். கோபத்தில் கூட்டி எழுதிவிட்டேன். திருத்திக்கொள்ளவும்.’ எழுத்தர் அதையும் கூட்டத்தில் படித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மூன்று முறை என்பதுதான் சரி என்று எழுத்தருக்குத் தெரியும். மூன்றாவது முறை பேருந்து நிறுத்தத்தில் அவள் அண்ணே என்று கூப்பிட்டுச் சொன்னாள். இவர் கேட்காதது மாதிரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையில், சொன்னோமா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது போலும். அவர் உட்கார்ந்து ஆறு தாள் கிழித்துப் போட்டு ஏழாவதில் ஒரு பதில் எழுதினார். நீ சொன்னது மூன்று முறை, மூன்றையும் கேட்டேன், தப்பு என்மேல்தான், என்னை மன்னித்துவிடு என்று எழுத நினைத்தார். தாளில் விழுந்தது இதுதான்: ‘மேற்படி முறையும் மேற்படி கேட்கப்பட்டது. மேற்படி தவறு மேற்படியாருடையது. மேற்படி வேண்டப்படுகிறது.’ அதையே குத்தி வைத்தார். அடுத்த மாத மனுவில் சாக்கடையைப் பற்றி எழுதிவிட்டு அவள் கேட்டிருந்தாள்: ‘தங்களது பதிலில் மேற்படி என்பது எதைக் குறிக்கிறது என்று தெளிவுபடுத்தவும்.’ அவரால் தெளிவுபடுத்த முடியவில்லை.

எழுத்தர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் பெட்டியைத் திறந்தபோது மனு இருந்தது, ஆனால் காய்ந்த தாளாக இருந்தது. கூட்டத்தில் அது ஒன்பதாவது பொருள். எழுத்தர் நின்றுகொண்டு படித்தார். ‘எங்கள் தெரு ஆட்களே கூடிச் சாக்கடையைத் தோண்டிக் கல் பாவி மூடி போட்டுவிட்டோம். இப்போது தண்ணீர் நிற்பதில்லை. ஆகவே என் மனுவை முடித்துக்கொள்ளலாம். இனிமேல் தொந்தரவு கொடுக்க மாட்டேன்.’ தலைவரம்மா அதற்குள் கிழவியாகியிருந்தார், அவரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினைந்து வருஷம் ஒத்திவைத்த பொருள் ஒன்று முடிகிறதென்றால் எந்த மன்றத்துக்கும் சந்தோஷம்தான். மனு முடிக்கப்பட்டது என்று பதிவு செய்யலாம் என மருந்துக் கடைக்காரர் முன்மொழிய வாயெடுத்தார், வழிமொழி பாதியிலேயே வழிமொழிந்துவிட்டார். எழுத்தர் உட்காரவில்லை. மன்றத்தில் எழுத்தர் பேசக் கூடாது, படிக்கலாம், எழுதலாம்.

“முடிக்க வேணாம்மா” என்றார். “ஒத்திவைங்க.”

“அவங்களே முடிச்சுக்கச் சொல்றாங்களே, கிளார்க் சார்?”

“முடிச்சுட்டா அப்புறம் அவ எழுத மாட்டாம்மா.”

தலைவரம்மா அவரைப் பார்த்தார். ஒரு காலத்தில் தான் சொன்ன பேச்சு அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும், முகம் வாடிப்போயிற்று. “தல ஆய்வு இன்னும் நடக்கலையே. நடக்காம எப்படி முடிக்கிறது? ஒத்திவைக்கிறோம், எழுதிக்குங்க” என்றார். வழிமொழி அதையும் வழிமொழிந்தார்.

தங்கை எழுதாமல் இருக்கவே செய்தாள். அந்த மாதத்துக்குப் பிறகு பெட்டியில் அவள் கடிதம் ஒன்றுகூட வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவள் அண்ணனைவிட மேல். எழுத்தர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்த பெண் எழுத்தர் முதல் கூட்டத்தில் ஒன்பதாம் பொருளைப் படிக்கத் தொடங்கிவிட்டு, “மேற்படி தெருன்னா எது சார்?” என்று பொதுமக்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டாள். அவர் எழுந்து, “என் தங்கச்சி இருக்கிற தெரும்மா” என்றார். அவள் அதை அப்படியே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். இப்போது ஊரும் அப்படித்தான் சொல்கிறது. மாதம் ஒருமுறை அந்தப் பொருள் ஒத்திவைக்கப்படுவதைக் கேட்டுவிட்டு அவர் சுவரோரமாக நடந்து வீட்டுக்குப் போவார். அந்தப் பக்கத்திலிருந்து நாய் குரைக்கும். சுவர் சுவராகவே இருக்கிறது.