நாலரை இஞ்ச் சுவர்

"கலவையில கை வைக்காதீங்க கொத்தனாரே, பேசிட்டிருக்கோம் இல்ல..."

"நீங்க வைங்க. பேச்சு அவங்களுக்கு, வேலை உங்களுக்கு..."

"வெச்சா நான் குறுக்க நிப்பேன்."

"நில்லுங்கக்கா. உங்களையும் சேர்த்துப் பூசிடுவாரு."

கொத்தனார் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கினார். லிஃப்ட் ஓடவில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரர்கள் யாரும் பராமரிப்புப் பணம் கட்டுவதில்லை என்று அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். மூன்று மாடிக்குக் கல் சுமந்து வந்த மனுஷனுக்கு, இந்தச் சண்டை இன்னும் கொஞ்ச நேரம் நீண்டால் நல்லது என்றுதான் இருந்திருக்கும்.

வீட்டு விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து வாங்கிய இரண்டு வீடுகள் அவை. வாங்கின கையோடு நடுச்சுவரில் ஆள் உயரத்துக்கு இடித்து வழி வைத்தார்கள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு சமையலறை எதற்கு என்று அண்ணன் பக்கத்து மேடையைப் பெயர்த்து, குழாயை அடைத்து, மகள் படிக்கிற அறையாக்கினார்கள். அதிலிருந்து சமையல் தம்பி வீட்டில், அதிகாரம் அண்ணன் மனைவிக்கு.

இப்போது தம்பி வீடு விற்றாகிவிட்டது. வாங்கியவர்கள் வருவதற்குள் அந்த வழியை அடைக்க வேண்டும். அடைக்கிற நாளாகப் பார்த்து அண்ணனுக்கும் தம்பிக்கும் வெளியே தலைபோகிற வேலை வந்துவிட்டது. இருந்தது மனைவிமார் இரண்டு பேர். பெரியவள் வழியின் நடுவில் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு நின்றாள். சின்னவள் தன் பக்கத்தில், கட்டி வைத்த அட்டைப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு மாசம் பொறுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ரெண்டையும் சேர்த்தே வித்திருக்கலாம்."

"யாருக்கு? கீழ இறங்கிப் பாருங்க. பால்கனிக்கு பால்கனி விற்பனைக்குன்னு அட்டை தொங்குது. வெயில்ல எழுத்தே போயிடுச்சு. வீடு காட்டின தரகரு இப்போ காலி பண்றவங்களோட கட்டில் பீரோவை வித்துப் பொழைக்கிறாரு. இதுல ரெண்டு வீட்டைச் சேர்த்து அரண்மனையா வாங்க எந்த ராஜா வரப்போறான்?"

"அதுக்காக அடிமாட்டு விலைக்கா தள்ளுவ? நீ வித்த விலைதான் இனி என் வீட்டுக்கும் விலை. வர்றவன் எல்லாம் உன் பத்திரத்தைக் காட்டித்தான் பேசுவான்."

"ராஜா ஒருத்தர் வந்தாரே. அந்தப் பல் டாக்டர். ரெண்டையும் சேர்த்துத் தாங்கன்னு முன்பணத்தோட வந்து உக்காந்தவரை, இன்னும் ஏறும் இன்னும் ஏறும்னு சொல்லி, குடிக்கத் தண்ணிகூடக் குடுக்காம அனுப்பினது யாரு?"

"அதுக்கப்புறம் ஏறத்தான செஞ்சுது."

"ஏறுச்சு. இறங்கும்போது நம்மகிட்ட சொல்லிட்டா இறங்குச்சு?"

பெரியவள் கொத்தனாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சமையலறை இல்லாத வீட்டை வாங்க வேணாம், வாடகைக்காவது எவனாச்சும் எட்டிப் பார்ப்பானா? மேடை கட்டி, குழாய் இழுக்க என்கிட்ட என்ன இருக்கு? புதுசா எவனும் வீடு கட்டல. அவரு கடையில டைல்ஸ் எல்லாம் பெட்டி பிரிக்காமக் கிடக்கு. போன மாசம் உன் முன்னாடிதான உக்காந்து அழுதேன். வீட்டுக் கடன்ல மூணு தவணை பாக்கி. அவரோட தம்பிக்கே தெரியாதுடி. உனக்கு மட்டும்தான் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"உங்க கொழுந்தனுக்கு வேலை போய், பேங்க்காரன் எங்க வாசல்ல நின்னு கத்தினானே, அன்னைக்கு உங்களுக்கும் தெரியும். நீங்க டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சீங்க."

"சின்னப் பொண்ணு படிக்கிற வீடு. அவ காதுல விழக் கூடாதுன்னு..."

"நல்லா படிக்கட்டும். நான் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தப்ப, வாடகைக்கு வீடு பார்க்கன்னு ஒரு புருஷன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்தீங்களாமே. மாடி வீட்டம்மா சொன்னாங்க. இந்தச் சமையலறையைக் காட்டினீங்களாம். குழாயைத் திறந்து காட்டினீங்களாம். இதுவும் எங்க வீட்டோட சேர்த்திதான்னீங்களாம்."

பெரியவளின் கை சுவரிலிருந்து இறங்கியது.

"நான் சமைச்ச இடம்தான. வாய் தவறி வந்திருக்கும்."

"குழாயைத் திறந்தது கை தவறியா?"

கொத்தனார் சிரிப்பை அடக்க இருமினார். பெரியவள் தன் பக்கத்துக்கு நகர்ந்தாள். அவள் அந்தப் பக்கம் போய்விட்டாள் என்றதும் கலவை விழுந்தது. முதல் வரிசைக் கல் ஏறியது. இரண்டாவதும் ஏறியது. பெரியவளால் எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்க முடியும்? முழங்கால் உயரம் வந்ததும் குனிந்து பார்த்தாள்.

"என்னங்க இது, ஒத்தை வரிசையா ஏத்துறீங்க? பழைய சுவரு ஒம்பது இஞ்ச். அதே கனத்துக்குப் போடுங்க."

"நாலரைதாம்மா. கல்லும் அதுக்குத்தான் வாங்கியிருக்கு."

"இந்தப் பக்கம் தும்மினா அந்தப் பக்கம் கேட்கும். கல்லுல போயா கஞ்சத்தனம் பண்ணுவ சின்னவளே?"

"நான் சொல்லல. வாங்கினவங்க அப்படிக் கேட்டாங்க."

"அவங்களுக்கு எதுக்குத் தட்டிச் சுவரு?"

சின்னவள் பெட்டியிலிருந்து எழுந்து, வேறொரு பெட்டியின் கயிற்றை இறுக்கத் தொடங்கினாள். கேள்வி தனக்குத்தான் என்று நினைத்துக் கொத்தனார் பதில் சொன்னார்.

"பின்னால உடைக்க லேசா இருக்கணுமாம்மா. பூச்சுகூட வேணாம், வெள்ளை மட்டும் அடிச்சு விடுன்னாரு வீடு வாங்கினவரு."

"எதை உடைக்க?"

"இதைத்தான்."

"இதுக்கு இந்தப் பக்கம் என் வீடு இருக்குங்க."

கொத்தனார் சின்னவளைப் பார்த்தார். சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதன்பிறகு கல்லைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கை மட்டும் முன்னைவிட வேகமாக ஓடியது.

"அவங்க பெரிய குடும்பம்க்கா. ரெண்டு கல்யாணமான பசங்க. பிற்பாடு பக்கத்து வீடும் கிடைச்சா சேர்த்துக்கலாம்னு ஒரு நினைப்பு. அவ்வளவுதான்."

"கிடைச்சான்னா?"

"கிடைச்சான்னா, கிடைச்சாத்தான்."

"நான் வாசல்ல அட்டை மாட்டல. தரகர்கிட்ட மூச்சு விடல. இது எப்படிக் கிடைக்கும்னு அவங்க கணக்குப் போட்டாங்க?"

"எனக்கென்ன தெரியும்."

சுவர் பெரியவளின் மார்பு வரை வந்திருந்தது. அவள் இரண்டு கையையும் விளிம்பில் வைக்கப் போனாள். "ஈரம்மா" என்றார் கொத்தனார். கையை எடுத்துக்கொண்டாள்.

"இந்தக் கட்டடத்துல பாதி வீடு காலி. எதிர்க் கட்டடத்துல உன்னுதைவிடக் கம்மிக்குத் தர்றாங்க, லிஃப்ட்டும் ஓடுது. அதையெல்லாம் விட்டுட்டு, நடுவுல ஓட்டை போட்ட வீட்டை எதைப் பார்த்துடி வாங்கினாங்க?"

"காத்தோட்டம் நல்லா இருக்குன்னாங்க."

"காத்தோட்டமா?"

"எனக்கு லாரி வந்துடும்க்கா. விடுங்க."

கழுத்து உயரம் வந்தது. பிறகு முகம் மறைந்தது. மேலே கை நீளத்துக்கு ஓர் இடைவெளி மட்டும் இருந்தது. கொத்தனார் பெட்டியொன்றை இழுத்துப்போட்டு ஏறி நின்று, கடைசிக் கற்களைத் தட்டித் தட்டிச் செருகினார். சின்னவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்தும் குழாயை மூடவில்லை.

சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. சொன்னபடி நாலரை இஞ்ச் சுவர்தான். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகவே கேட்டது.

"சின்னவளே, மூணு தவணை பாக்கின்னு அவங்ககிட்ட சொன்னியா?"