சுருண்ட இலைகள்

அம்மாவின் வலது கை முழங்கை வரை கண்ணாடித் தொட்டிக்குள் இருந்தது. கௌஷிக் பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான். தண்ணீருக்கடியில் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"செடியில பூச்சி விழுந்திருக்குடா. பாரு, மடிஞ்சு மடிஞ்சு கெடக்கு. நான் தெனம் கிள்ளலன்னா உன் காடு எப்பவோ போயிருக்கும்."

பிரஷ் வாயிலேயே நின்றது.

தொட்டியில் இருந்தவை இரண்டு நியூட்டுகள். பல்லியின் உருவம், தவளையின் உறவு, ஆரஞ்சு வயிறு. நாள் முழுக்கக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காததால் ஆணுக்கு மேனேஜர் என்றும் பெண்ணுக்கு ஹெச்.ஆர். என்றும் பெயர் வைத்திருந்தான். ஹிஞ்சேவாடி போகும் கம்பெனி வண்டி நெரிசலில் நிற்கும் நேரமெல்லாம் அவன் படித்தது இவற்றைப் பற்றித்தான். தண்ணீர் சூடாகக் கூடாது, வேகமாக ஓடக் கூடாது, மூடியில் சந்து இருக்கக் கூடாது. ஒருமுறை மேனேஜர் தப்பித்து அம்மாவின் செருப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அன்றைக்கே அம்மா மூடிமேல் குழவிக்கல்லைத் தூக்கி வைத்துவிட்டாள். அப்பா போன பிறகு கோர்படி வீட்டைக் காலி செய்து, இரண்டு பெட்டி, அந்தக் குழவி, ஒரு கறிவேப்பிலைத் தொட்டியோடு விஷ்ராந்த்வாடிக்கு அவனிடம் வந்தவள் அவள். வந்ததிலிருந்து அதிகம் பேசியது கறிவேப்பிலையிடம்தான். அதில் சுருண்ட இலையைப் பார்த்தால் உள்ளே புழு என்று கிள்ளிவிடுவாள். அதே வைத்தியம் இப்போது தண்ணீருக்குள்ளும் நடந்திருக்கிறது.

"அது பூச்சி இல்லம்மா. முட்டை."

ஹெச்.ஆர். பின்னங்கால்களால் இலையைப் பிடித்து, நடுவில் ஒரே ஒரு முட்டை வைத்து, பீடா மடிப்பதுபோல் மடித்துவிட்டுப் போகும். அப்படி ஒரு இலையைப் பார்த்துவிட வேண்டும் என்று கௌஷிக் இரண்டு குளிர்காலமாகக் காத்திருந்தான். இந்தக் குளிர்காலத்தில் மடித்ததையெல்லாம் அம்மா அவன் எழுந்திருக்கும் முன்பே கிள்ளியிருக்கிறாள்.

அம்மா கையை மெல்ல வெளியே எடுத்தாள். நீர் சொட்டியது.

"முட்டைன்னு எழுதியா வச்சிருக்கு" என்றாள். வழக்கமான வீம்பு அதில் இல்லை.

"கிள்ளினத எங்க போட்ட?"

"பால்கனி பக்கெட்ல. நீ தொட்டியிலேர்ந்து எடுத்து ஊத்துவியே, அந்தப் பழைய தண்ணி. ஊறினா செடிக்கு உரம்னு..."

அதற்குள் அழைப்பு மணி அடித்தது. சொசைட்டி செக்ரெட்டரி வைஜயந்தி காளே, கையில் டார்ச்சோடு. மேல் வீட்டுக்காரர். மழைக்காலம் முழுக்கக் கொசுவைப் பற்றி வாட்ஸ்அப்பில் மட்டும் போர் நடத்தியவர், ஜனவரியில் நேரடியாகக் களமிறங்கியிருந்தார். யாரும் கூப்பிடாமலே பால்கனிக்குப் போனார். பக்கெட்டைப் பார்த்தார். டார்ச் அடித்தார்.

"பாபிஜி, யே தேக்கோ. மச்சர் கே பச்சே" என்று கொசுக் குஞ்சுகளைக் கண்டுபிடித்த திருப்தியோடு பக்கெட்டைச் சாய்த்தார்.

விளிம்புவரை வந்த தண்ணீர் நின்றது. மறுபக்கம் அம்மாவின் கை.

"சோடோ" என்றாள் அம்மா. முப்பது வருடம் கோர்படி காய்கறிக்காரர்களிடம் தீட்டிய இந்தி. விடு என்றால் விட்டுவிட வேண்டும்.

கௌஷிக் இடையில் புகுந்து குனிந்தான். அழுகிய இலைகளுக்கு நடுவே நகக்கண் நீளத்தில் எவையோ இருந்தன. கொசுப்புழு என்றால் நெளியும். இவை அசையவில்லை. ஒன்றின் கழுத்தில், இரண்டு பக்கமும், மெல்லிய இறகுபோல் செவுள்.

தொட்டியிலேயே விட்டிருந்தால் மேனேஜரும் ஹெச்.ஆரும் சொந்த முட்டைகளைத் தின்று தீர்த்திருக்கும் என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்தான். சொன்னால் ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும்.

"நீ கிள்ளினதாலதான் பொழைச்சிருக்குதும்மா" என்றான்.

அம்மா அவனைப் பார்க்கவில்லை. பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செக்ரெட்டரியிடம் நிமிர்ந்து, இவை கொசு இல்லை, கொசுவைத் தின்கிறவை என்று இந்தியில் அறிவித்தாள். அரை நிமிடத்துக்கு முன் அவளுக்கே தெரியாத விஷயம்.

"தின்னட்டும், பார்க்கிறேன்" என்றார் வைஜயந்தி. "இல்லையென்றால் இன்றைக்கே கொட்டிவிட வேண்டும்."

"கொசுப்புழுவுக்கு எங்க வீட்ல எங்க போறது?" என்றாள் அம்மா. "உங்க பூந்தொட்டித் தட்டுத் தண்ணிதான் தெனம் என் துணிமேல சொட்டுது. அதுல நெறைய இருக்கும்."

வைஜயந்தி காளே கொஞ்ச நேரம் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டார். பிறகு மேலே போனார். வரமாட்டார் என்று கௌஷிக் நினைத்தான். ஒரு எவர்சில்வர் டம்ளரோடு, அதை மறுகையால் மூடியபடி, திரும்பி வந்தார்.

"சின்னதா ஒண்ணு போடச் சொல்லுடா" என்றாள் அம்மா. "கொழந்தைங்க. தொண்டையில சிக்கிக்கும்."

கௌஷிக் டம்ளரிலிருந்து ஒரு சின்னக் கொசுப்புழுவை ஸ்பூனால் எடுத்து பக்கெட்டில் விட்டான். மூன்று தலைகள் பக்கெட்டின்மேல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு குனிந்தன. குட்டிப் புழு நெளிந்து நெளிந்து கீழே இறங்கியது. மடிந்த இலையொன்றின் நிழலில் அசையாமல் கிடந்த செவுள் குஞ்சு ஒன்று தலையை மட்டும் மெதுவாகத் திருப்பியது.

"ஷ்ஷ்" என்றார் செக்ரெட்டரி.