வெந்த பார்லி முளைத்த பிப்ரவரி

1987-ஆம் வருஷம் பிப்ரவரி பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, பள்ளத்தாக்குக் கிராமமான ஓர்மோவில் இருபத்தேழு வீடுகளின் கொல்லையில் பனியைத் துளைத்துக்கொண்டு பார்லி முளைத்தது. யாரும் விதைத்த பார்லி அல்ல. முளைகட்டி, புகையில் காயவைத்து, உடைத்து, எழுபது டிகிரி வெந்நீரில் ஒன்றரை மணி நேரம் ஊறப்போட்டு, பியருக்குச் சாறு வடித்த பிறகு தொழுவத்துக்குப் பின்னால் வருஷக்கணக்காகக் கொட்டிவந்த சக்கை. அன்றைக்குக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினாலு. சனிக்கிழமைக்குள் பயிர் முழங்கால் உயரம் வந்துவிட்டது. அந்த வாரம் நடந்த மற்ற விஷயங்கள்: பால் வண்டி பாலத்துக்குப் பக்கத்தில் பள்ளத்தில் இறங்கியது, பாதிரியாருக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. விவசாய அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து குனிந்து பார்த்தார், இரண்டு தாளைப் பிடுங்கி உறையில் போட்டுக்கொண்டார், நோட்டில் 'பார்லி' என்று எழுதிவிட்டுப் போனார்.

ஓர்மோவில் மொத்தம் முப்பத்தொரு வீடு. முளைக்காத நாலில் மூன்று, குடியைத் தொடாத ஜெபக்கூடத்துக்காரர்களின் வீடுகள். நாலாவது வீட்டில் பியர் உண்டு, ஆனால் அங்கே எதுவும் முளைக்கவில்லை. ஏன் என்று அந்த வீட்டுக்காரனைத் தவிர இன்னொருவனுக்கும் தெரியும். அந்த இன்னொருவன் கடைக்கார ஹால்வர். அவன் கடை ஜன்னலில் நின்றபடி, எந்தெந்தக் கொல்லையில் எவ்வளவு பச்சை என்று பார்த்தான். சீவெர்ட் வீட்டில் ஒரு வயல் அளவு, பள்ளி ஆசிரியர் வீட்டில் இரண்டு பாத்தி, பாலத்தடி வீட்டில் ஒரு பாய் அகலம். அவன் அந்தந்த வீட்டுக்கு விற்ற மூட்டைகளின் கணக்கோடு அப்படியே ஒத்துப்போனது. கடையைச் சாத்திவிட்டு, கோழித்தீவன மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அந்தப் பள்ளத்தாக்கில் பியர் காய்ச்சாத வீடு வீடே இல்லை என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு, ஞானஸ்நானத்துக்கு, சாவுக்கு, எல்லாவற்றுக்கும் வீட்டில் காய்ச்சியதுதான். பியர் காய்ச்சுவது பெரிய விஷயமில்லை. அதற்கான மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, தன் கையால் தயாரித்து, தன் குடிலில் ஆல்டர் மர விறகுப் புகையில் காயவைப்பதுதான் மரியாதை. கடையில் மால்ட் வாங்குவது, மாமியார் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பலகாரத்தைத் தட்டில் வைத்து அனுப்புவது மாதிரி. ஆனால் இரண்டு வாரம் ஈரப் பார்லியைக் கிளறிக்கொண்டு யாரால் உட்கார முடிகிறது? ஆகவே ஹால்வர் தன் கடைக்குப் பின்னால் மால்ட் போட்டு, ஆலையில் உடைத்து, 'மாட்டுத் தீவனம்' என்று எழுதிய மூட்டையில் கட்டி, பின்வாசல் வழியாக விற்றான். வாங்கியவர்கள் ஊர் பார்க்க முன்வாசலில் ஆணி வாங்கினார்கள். அந்த நாலாவது வீட்டுக்காரன் ஒருவன்தான் நிஜமாகவே தன் கையால் மால்ட் போட்டான். வீட்டு மால்ட்டின் சக்கை மாட்டுக்குப் போகும். கடை மால்ட்டின் சக்கையைத் தொழுவத்தில் வைத்தால், வந்து போகிறவர்கள் பார்ப்பார்கள். அதனால் பின்னால் கொட்டினார்கள்.

பார்த்த உடனே கடை மால்ட் என்று தெரியும்படிதான் இருந்தது அது. பதினாலு வருஷத்துக்கு முன் ஒருமுறை ஹால்வர் ஆலையின் இரண்டு உருளைகளையும் நெருக்கி வைத்து அரைத்ததில், சீவெர்ட்டின் மால்ட் மாவாகிப் போனது. தொட்டியில் சாறு வடியாமல் எல்லாம் கூழாகக் கட்டிக்கொண்டது. சீவெர்ட் பின்வாசலில் வந்து, யாருக்கும் கேட்காமல் மெல்லத் திட்டினார். பயந்துபோன ஹால்வர் உருளைகளை விலக்கி வைத்தான். அதன்பிறகு மூட்டையில் பாதி மணி தோல்கூடக் கீறாமல் முழுசாக வெளியே வந்தது. முழு மணியிலிருந்து சாறு இறங்காது. பியர் நீர்த்துப்போகும், ஆகவே ஜனங்கள் ஒரு மூட்டைக்கு இரண்டாக வாங்கினார்கள். இரண்டாம் வருஷம் அவனுக்கு இது தெரியும். ஒரு திருகாணியை முக்கால் சுற்று திருப்பினால் போதும். அவன் திருப்பவில்லை. பயத்தில்தான் அப்படியே விட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சும்மா சொல்லக்கூடாது, பயம் முதல் வருஷத்துக்கு மட்டும்தான்.

இதெல்லாம் மூட்டை கணக்கோடு போயிருந்தால் ஹால்வர் நன்றாகத்தான் தூங்கியிருப்பான். அவனைத் தின்றது குன்வோர் விஷயம். குன்வோர் மேட்டு வீட்டுக்காரி, அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவள், அந்தப் பக்கத்திலேயே கைராசியான பியர்க்காரி என்று பேர் வாங்கியவள். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு பிப்ரவரியில் அவள் அப்பா திடீரென்று இறந்தார். அடக்கம் ஒன்பதாம் நாள். மால்ட் போட நேரமில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஹால்வரிடம் ஒரு மூட்டை வாங்கினாள், இரண்டு மூட்டை போடவேண்டும் என்று அவளுக்கு யார் சொல்வது? சாவு பியர் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி வந்தது. செத்தவரின் பேரைச் சொல்லி மரக்கிண்ணத்தைக் கை மாற்றிக் குடிக்கவேண்டும். கிண்ணம் மேசையைச் சுற்றிப் போய், போனபடியே நிறைந்து அவளிடம் திரும்பி வந்தது. சீவெர்ட் மட்டும், "உங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி நல்லாத்தான் இருக்கு, குன்வோர்" என்றார். சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஹால்வரும் ஒரு மடக்கு குடித்தான். நாக்கில் பட்ட உடனே புரிந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, அடக்கத்துக்கு நல்ல வெயில் அடித்தது என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். குன்வோர் அதற்குப் பிறகு பியர் காய்ச்சவில்லை. அப்பாவின் உடல் கிடந்த அறைக்குப் போய் அழுத நேரத்தில் வெந்நீரை ஆறவிட்டுவிட்டேன், அதனால் வந்தது என்று தங்கையிடம் சொன்னாளாம். தங்கை அதை ஊருக்கெல்லாம் சொன்னாள்.

முளைத்த இரண்டாம் வாரம் ஹால்வர் அரிவாளை எடுத்தான். பொழுது விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது கிளம்பி, தன் கொல்லையில் தொடங்கி, பனிச்சறுக்கு உதைவண்டியில் வீடு வீடாகப் போய் அறுத்தான். காலையில் அறுத்தது மத்தியானச் சாப்பாட்டுக்குள் பழையபடி நின்றது. விடாமல் ஆறு நாள் அறுத்தான். ஏழாம் நாள் சீவெர்ட்டின் கொல்லையில் இருட்டுக்குள் இன்னொரு அரிவாள் சத்தம் கேட்டது.

"யாரது?"

"நான்தான்."

"நான்தான்னா யாரு? நானும் நான்தான்."

சீவெர்ட் தீக்குச்சியைக் கிழித்தார். மால்ட் எப்படிப் போடவேண்டும் என்று வருஷா வருஷம் சமூகக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் நடத்துகிற மனுஷன், உள்ளாடையோடு, காலில் மனைவியின் ரப்பர் பூட்ஸோடு நின்றார்.

"நீ எதுக்குய்யா என் கொல்லையில அறுக்குற?"

"நீங்க எதுக்கு அறுக்குறீங்க?"

"எனக்கென்ன வேண்டுதலா? கையால மால்ட் போடுறேன்னு நாப்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன். இதப் பாத்தா எவன் நம்புவான்? நீ ஒடைக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? ஒரு கை அள்ளினா பாதி முழுசா நின்னு முழிக்குது."

"தெரிஞ்சா ஊர்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிச் சொல்றது? ஒடச்சது சரியில்லன்னு சொன்னா, உங்கிட்ட வாங்கினேன்னு ஆயிடாதா?"

இருவரும் அடுத்த பாத்தியை அறுத்தார்கள். பிறகு சீவெர்ட், "குன்வோர் வீட்டுப் பக்கம் போனியா?" என்று கேட்டார். இல்லை என்றான் ஹால்வர். "நானும் போகல" என்றார் சீவெர்ட்.

ஹால்வர் மறுநாள் போனான். தொழுவத்துச் சுவரை ஒட்டி ஒரு கட்டில் அகலத்துக்குத்தான் பயிர், ஆனால் ஊரிலேயே உயரமாக, நெஞ்சு மட்டத்துக்கு, கதிர் விட்டு நின்றது. குன்வோர் அதற்குள் பால் வாளியோடு நின்றிருந்தாள். அரிவாளை அவன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். ஐம்பது வயதுக்காரன் செய்கிற காரியமா அது?

"வா. நீயே பாரு இத" என்றாள். "எங்க அப்பா சாவுக்குக் காய்ச்சின சக்க. என் கையாலதான் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தினேன். அது எப்படிய்யா முளைக்கும்? ஆறின தண்ணின்னாலும் முளைக்காதே. உனக்கு மால்ட் பத்தித் தெரியும், சொல்லு."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒருவனுக்கு வாய்க்காது. ஹால்வர் வாயைத் திறந்தான்.

"இந்த வருஷம் குளிர் ஒரு மாதிரியா இருக்கு" என்றான். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான். உதைவண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் எடுக்க முகமில்லை. அன்றைக்கு முழுக்க அவன் சாப்பிடவில்லை. ஆலைக்குப் போய்த் திருகாணியை முக்கால் சுற்று திருப்பினான், அதற்கு நாலு வினாடி பிடித்தது. நாலு வினாடி என்று தெரிந்தபோதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

மார்ச் மாதம் பால் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். ஊர் மொத்தமும் ஒரே கூரைக்குக் கீழே உட்காருவது அன்றைக்கு ஒருநாள்தான். கடைசியில், காபிக்கும் கேக்குக்கும் முன்னால், 'இதர விஷயங்கள்' என்று ஒன்று வரும். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எழுந்தால் காபி ஆறிவிடும். ஹால்வர் கையைத் தூக்கினான். கூட்டத்தலைவர் வேறு எங்கோ பார்த்தார். ஹால்வர் கையை இறக்காததால் வேறு வழியில்லாமல் பேசச் சொன்னார்.

"என் ஆலையில உருள ரெண்டும் விலகியிருந்துச்சு. பதிமூணு வருஷமா எனக்கே தெரியும். குன்வோர் அப்பாவோட சாவு பியர் தண்ணியாப் போனதுக்கு அவ காரணமில்ல. அவ வெந்நீர ஆறவிடல. என் மூட்டையிலதான் பாதி மணி ஒடையாம இருந்துச்சு. அவ்வளவுதான்."

மற்ற இருபத்தைந்து வீட்டு ஆட்கள் தங்கள் காலியான காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். சீவெர்ட் தன் தொப்பியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். குன்வோர் பின்வரிசையிலிருந்து எழுந்தாள். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அன்னிக்கி நீயும் கிண்ணத்த வாங்கிக் குடிச்ச. உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எப்ப?"

"முதல் மடக்குல."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டு வெளியே போனாள். கூட்ட அறிக்கையில் இது இருக்கிறது: 'ஹால்வர் தன் ஆலையைப் பற்றி விளக்கினார். தீர்மானம் எதுவும் இல்லை.' மறுநாள் ஹால்வரின் கொல்லையில் நின்ற பயிர் உதிர்ந்துவிட்டது. மற்ற வீடுகளில் வாயைத் திறக்காதவர்களுக்கு அது இன்றைக்கும் ஒவ்வொரு பிப்ரவரியும் வருகிறது. முதலில் வெட்கப்பட்டார்கள், பிறகு வாத்துகளை விட்டு மேய்த்தார்கள். சீவெர்ட் இறந்தபின் அவர் வீட்டை விற்றபோது, பத்திரத்தில் 'பின்புறம் பனிக்காலப் பார்லி உண்டு' என்று எழுதியிருந்தது. வாங்கியவர்கள் எத்தனை வாத்து வேண்டியிருக்கும் என்று மட்டும் கேட்டார்கள்.

குன்வோர் தன் பயிரை ஏப்ரலில் அறுத்தாள். பூட்டிக்கிடந்த குடிலைத் திறந்து, பதினாலு நாள் கூடவே இருந்து மால்ட் போட்டாள். மூட்டையைக் கொண்டுவந்து ஹால்வரின் கடையில், முன்வாசல் வழியாக, இறக்கினாள். ஆலையின் மோட்டாரைத் தொடவிடவில்லை. அவன் கையால் சுழற்றினான், அவள் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். முழு மணி ஒன்று கண்ணில் பட்டாலும் திரும்ப மேலே போட்டாள். காலையில் தொடங்கியது மாலையில் முடிந்தது. அவன் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்ததை அவள் பார்த்தாள், மூட்டையைக் கட்டினாள்.

ஜூன் மாதம், அப்பா இறந்து பதினோரு வருஷத்துக்குப் பிறகு, அவருக்குச் சாவு பியர் வைத்தாள். எல்லோரையும் கூப்பிட்டாள், ஹால்வரையும். பியர் கருஞ்சிவப்பாக, புகை மணத்தோடு, கெட்டியாக வந்திருந்தது. கிண்ணம் சுற்றி வந்தது. கிழவர்கள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். பாதிரியார் இரண்டு தடவை குடித்தார். சீவெர்ட் குடித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். ஹாலில் பேச்சு வலுக்க ஆரம்பித்தது, யாரோ குன்வோரின் தோளைத் தட்டினார்கள். கிண்ணம் ஹால்வரிடம் வந்தது. அவன் இரண்டு கையாலும் வாங்கி, செத்தவரின் பேரைச் சொல்லி, குடித்தான். இன்னொரு மடக்கு குடித்துப் பார்த்தான்.

"எப்படி இருக்கு?" என்று குன்வோர் கேட்டாள்.

நல்லாயிருக்கு என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. முப்பது பேர் அதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

"தண்ணியா இருக்கு, எனக்கு" என்றான்.

குன்வோர் கிண்ணத்தை அவன் கையிலிருந்து வாங்கி, அவன் வாய் வைத்த இடத்திலேயே வைத்து ஒரு மடக்கு குடித்தாள். பியர் பியராகத்தான் இருந்தது. அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பதினோரு வருஷம் ஆகும்" என்றாள். "பழகிடும்." கிண்ணத்தை அடுத்தவரிடம் நீட்டினாள்.

ஹால்வர் அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் இருந்தான். பதினோரு வருஷம் கழிந்தும் அவன் நாக்குக்கு எதுவும் மாறவில்லை, அதை அவன் எதிர்பார்க்கவும் இல்லை. கல்யாணம், கிறிஸ்துமஸ், சாவு எதையும் தவறவிடாமல் போனான், கொடுத்ததைக் கடைசிவரை குடித்தான், எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களிடம் தண்ணியாக இருக்கிறது என்றான். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.