இரண்டு கழுத்து ஸ்வெட்டர்

பெக்கி நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, "ரெண்டு பேரும் ஒண்ணா கையத் தூக்குங்க" என்றாள். நான் தூக்கினேன். என் கணவன் கர்ட்டுக்கு இடது தோள் இறுகிப்போய் ஒரு வருடமாகிறது, கை காதுவரைகூட எழும்பாது. வலியில் பல்லைக் கடித்தான், ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "பெக்கி, இதுக்கு மேல தூக்கினா கை கழண்டு விழுந்துரும். அப்புறம் ரோண்டாகிட்ட சொல்லி ஒரு கம்பளிக் கை பின்னித்தான் மாட்டணும்" என்று என் பக்கம் தலையாட்டினான். பக்கத்து வீட்டு பெக்கி, எங்கள் ஊர் நூல் கடைக்காரி, சிரித்த சிரிப்பில் நாற்காலியோடு சாயப் பார்த்தாள். ஒருவழியாகப் பச்சைக் கம்பளி எங்கள் தலைமேல் இறங்கிக் கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் இருட்டாக்கியது. பிறகு அவன் தலை ஒரு கழுத்து வழியாகவும் என் தலை இன்னொரு கழுத்து வழியாகவும் வெளியே வந்தன. அவனுடைய இடது கைக்கும் என்னுடைய வலது கைக்கும்தான் ஸ்வெட்டரில் கை உண்டு. நடுவில் இருக்கும் இரண்டு கைகளும் உள்ளேயே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன.

இரட்டைத் தலைப் பூதம். வயிற்றில் பெரிய வாய், அதைச் சுற்றி நான் தனித்தனியாகப் பின்னித் தைத்த வெள்ளைப் பற்கள். உள்ளே கிடக்கும் கையை அந்த வாய் வழியாக நீட்டிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வீச வேண்டும் என்பது கர்ட்டின் ஏற்பாடு. இடுப்பில் மிட்டாய்ப் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் இருவருக்கும் பச்சைச் சாயம் பூசிவிட்டு பெக்கி பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். "உங்களப் பாத்தா எனக்கே கல்யாணம் பண்ணிக்கணும்போல இருக்கு" என்றாள். அவள் மூன்று பேரை விவாகரத்து செய்தவள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நான் கர்ட்டை விட்டுப் போகிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. கர்ட்டுக்கும் தெரியாது.

விஸ்கான்சினில் எங்கள் ஊர் மாதிரி சின்ன ஊர்களில் ஒருவனுக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் அவனைப் புதைக்கும்போது அதையும் சேர்த்துத்தான் புதைப்பார்கள். எங்களுக்கு ஒட்டியது ‘ஹாலோவீன் ஜோடி’ என்ற பெயர். கல்யாணமான வருடம், அக்டோபர் கடைசியில் ஊரே வேஷம் போடும் ஹாலோவீனுக்கு, விளையாட்டாக இரண்டு தொப்பி பின்னினேன், அவன் உப்புக்குப்பி, நான் மிளகுக்குப்பி. ஊர்வலத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அதோடு மாட்டிக்கொண்டோம். அடுத்த வருடம் பன்றிக்கறியும் முட்டையும், அதற்கடுத்து சிலந்தியும் ஈயும், ஒரு வருடம் பரங்கிக்காயும் அதைக் குடையும் கத்தியும். எதில் யார் யார் என்பதை கர்ட்தான் முடிவு செய்வான். ஈ நான், பரங்கிக்காயும் நான். ஜனவரியில் பனி கரைவதற்கு முன்பே பீட்சா அட்டையின் பின்பக்கத்தில் படம் வரைந்து குளிர்பெட்டி மேல் ஒட்டிவிடுவான். அதிலிருந்து அக்டோபர்வரை என் மடியில் ஆரஞ்சு நிறமோ பச்சை நிறமோ கிடக்கும். எனக்குப் பிடித்தது சாம்பல் நிறம். சாம்பல் நிறத்தில் எனக்கென்று ஒரு சால்வை பின்ன வேண்டும் என்று நூல்கூட வாங்கி வைத்திருக்கிறேன். அது வாங்கிய பையிலேயே இருக்கிறது.

குடிக்கிறானா? இல்லை. அடிக்கிறானா? ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்க மாட்டான். அதுதான் கஷ்டம், யாரிடம் போய் எதைச் சொல்ல முடியும்? "கர்ட் மாதிரி ஒருத்தன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று மளிகைக் கடையில் வரிசையில் நிற்கும்போது சொல்வார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வருவேன். ஊரில் எல்லோரையும் சிரிக்கவைக்கிறவன்தான். ஆனால் வீட்டில் ஒரு நல்லது கெட்டது பேச வாயெடுத்தால், "இருடி கண்ணு, இதோ வந்துர்றேன்" என்று பின்னால் இருக்கும் மரவேலை ஷெட்டுக்குப் போய்விடுவான். இரண்டு வருடத்துக்கு முன் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, டாக்டரின் போனுக்குக் காத்திருந்த நாள். சமையலறையில் நின்றுகொண்டு, "எனக்கு பயமா இருக்கு கர்ட்" என்றேன். என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் போனான். சாயங்காலம் திரும்பி வந்தபோது கையில் ஒரு மர ஸ்டாண்ட். எங்கள் ஹாலோவீன் உடுப்புகளை மாட்டிவைக்க, உருண்டையாக இரண்டு தலை வைத்து இழைத்து, வார்னிஷ்கூட அடித்திருந்தான். கட்டி ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. ஸ்டாண்ட் மட்டும் கூடத்தில் ஜன்னலோரம் நிற்கிறது.

பக்கத்து மாநிலத்தில், டுலூத் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன அறையும் பிடித்தாகிவிட்டது. ஞாயிறு காலை என் சித்தி மகள் டெலோரஸ் வண்டியோடு வருகிறாள். கோடைக்காலத்திலேயே எல்லாம் முடிவாகிவிட்டது, அப்போது பூதம் வயிறுவரை வளர்ந்திருந்தது. ஊசியில் ஏற்றியதைப் பாதியில் விட என்னால் முடியாது. ஊர்வலம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று பின்னிக்கொண்டே இருந்தேன். முடிந்த பிறகும் சொல்வேனா என்று எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

ஊர்வலம் முடிந்ததும் மேடையில் தீயணைப்பு நிலையத்து மெர்ல் மைக்கைப் பிடித்திருந்தான். "இந்த வருஷமும் இவங்களுக்குத்தான். யாரும் வயிறெரியாதீங்க" என்று சொல்லிப் பரிசை என் கையில் கொடுத்தான். பரிசு வழக்கம்போல் ஒரு பெரிய வட்டச் சீஸ், ஏறக்குறைய ஒரு கைக்குழந்தையின் கனம். "அடுத்த வருஷம் என்னடா?" என்று மெர்ல் கேட்டதும் கர்ட் மைக்குப் பக்கம் சாய்ந்தான், கூடவே நானும் சாய்ந்தேன். "அடுத்த வருஷம் பூரான்! எங்க தெரு மொத்தமும் ஒரே ஸ்வெட்டருக்குள்ள! ரோண்டா நாளைக்கே ஆரம்பிச்சிருவா!" என்றான். ஊரே விசிலடித்தது. எங்கள் தெருக்காரர்கள் கையைத் தூக்கி ஆட்டினார்கள். யாரோ இப்போதே, "எனக்கு கடைசிக் கால்!" என்று கத்தினார்கள். நான் சீஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அவன் காது என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. "அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேன் கர்ட்" என்றேன். அவன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "என்னது?" என்றான். "ஞாயித்துக்கெழம டுலூத்துக்குப் போறேன். வேல கெடச்சிருக்கு. ரூமும் பாத்தாச்சு. திரும்பி வரமாட்டேன்."

போட்டோ எடுத்தார்கள். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பூதத்தின் வாய் வழியாக மிட்டாயோடு வெளியே நீட்டியிருந்த கை மட்டும் வீசாமல் நின்றுவிட்டது. கீழே ஒரு குழந்தை அந்த விரல்களைப் பிரித்து மிட்டாயை எடுத்துக்கொண்டு ஓடியது.

படியிறங்கியதும், "பெக்கியக் கூப்பிட்டுக் கழட்டிக்கலாம்" என்றேன்.

"வேணாம்."

"பின்ன எப்படி? உன்னால கையத் தூக்க முடியாது."

"கிட்ட வந்தா என் மூஞ்சியப் பாத்துருவா. வேணாம் ரோண்டா. வீட்டுக்குப் போலாம்."

நடந்தோம். லேசாகப் பனித்தூறல். ஈரம் ஏற ஏறக் கம்பளி கனத்து முழங்காலுக்கு இறங்கிவிட்டது. ஒருவர் கால் வைக்கும்போது மற்றவரும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இருவரும் விழ வேண்டியதுதான். தெரு முழுக்க மிட்டாய்ப் பைகளோடு பிள்ளைகள். "பூதம், பூதம்!" என்று சூழ்ந்துகொண்டார்கள். அவன் பூதத்தின் வாய் வழியாக வீசினான், நான் சீஸைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் விலகியதும், "வேற யாராவது இருக்காங்களா?" என்றான். இல்லை என்றேன். அடுத்த விளக்குக் கம்பம்வரை நடந்தோம். பிறகு, "நான் என்ன பண்ணேன்?" என்றான்.

"எனக்கு பயமா இருக்குன்னு ஒரு நாள் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அன்னைக்குத்தான ஸ்டாண்ட் செஞ்சு குடுத்தேன்?"

"ஆமா. குடுத்த."

எங்கள் வீட்டு வாசலில் விளக்குப் போடவில்லை. படியேறுவான் என்று நான் கால் எடுத்து வைத்தேன். அவன் பழக்கத்தில் ஷெட் பக்கம் திரும்பிவிட்டான். ஒரு நிமிடம் பூதத்தின் நடுவயிறு விறைத்து நின்றது. அவன் கனமான ஆள். நானும் கூடவே இழுபட்டுப் போனேன். இத்தனை வருடத்தில் ஷெட்டுக்குள் அவன் இருக்கும்போது நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

உட்கார ஒரே ஒரு முக்காலி இருந்தது. காலால் ஒரு பெயின்ட் டப்பாவை இழுத்துப் பக்கத்தில் போட்டு நான் உட்கார்ந்தேன், அவனும் உட்கார்ந்தாக வேண்டியிருந்தது. சீஸை மேஜையில் வைத்தேன். சுத்தியல், உளி, ரம்பம் எல்லாம் ஆணியில் வரிசையாகத் தொங்கின. பாதியில் விட்ட வேலை என்று எதுவுமே இல்லை. மேஜைமேல் ஒரு துளிகூட மரத்தூள் இல்லை.

"மணிக்கணக்கா இங்க வந்து என்னதான் பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். இப்படி உக்காந்துருப்பேன்." பச்சைச் சாயம் மோவாயில் கோடாக இறங்கியிருந்தது. "உள்ள வந்து உன்கிட்ட என்ன சொல்றதுன்னு யோசிப்பேன். ஒரு மண்ணும் வராது. வெறுங்கையோட எப்படி வர்றது? எதையாவது செஞ்சு எடுத்துட்டு வருவேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இங்கே அவன் சந்தோஷமாக இருக்கிறான் என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்? இதைச் சொல்ல அவன் ஒரு பூதத்துக்குள் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்ததா? உள்ளே அவன் கை என் கைமேல் பட்டுக்கொண்டிருந்தது, அதை எடுத்துக்கொள்ள அவனுக்கு இடம் இல்லை. எனக்கு என்னைத் தெரியும். இன்னும் ஐந்து நிமிடம் இந்தக் கையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், டெலோரஸுக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிடுவேன். நாளைக்குப் பூரானுக்கு நூல் வாங்கப் போவேன். இரக்கப்பட்டே இங்கே கிழவியாகிவிடுவேன்.

ஆணியில் தொங்கிய கத்தரிக்கோலை வலது கையால் எட்டி எடுத்தேன்.

"என்ன பண்ற?"

"வெட்டப்போறேன்."

"பெக்கி வரட்டும் ரோண்டா. அவ வந்து கழட்டி விடுவா. முழுசா இருக்கட்டும். ஜனவரியிலேந்து பின்னின இல்ல?"

"ஆமா."

அவன் இரண்டு கழுத்துக்கும் நடுவே இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தான். "வெட்டினா மொத்தமும் அவுந்துறாதா?"

"நல்ல கம்பளி. வெட்டினாலும் ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கும். உடனே அவுராது."

வெட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரு தையல் போட வேண்டும், அதுதான் முறை. அதெல்லாம் போடவில்லை. துணி ஈரத்தில் தொளதொளவென்று கிடந்ததால் கத்தரிக்கோல் வழுக்கிக்கொண்டே போனது. இரண்டு தடவை முயன்றேன். மூன்றாவது தடவை அவன், "எங்க பிடிக்கணும்?" என்றான். காட்டினேன். ஒரு பக்கத்தை இடது கையால் பிடித்தான், வலது கையை வாய் வழியாக வெளியே விட்டு மறுபக்கத்தைப் பிடித்தான். துணி நேராக விரிந்தது. நான் கழுத்துகளின் நடுவிலிருந்து வெட்டத் தொடங்கினேன். கம்பளி வெட்டுப்படும் சத்தம் மெல்லியது, ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் மூச்சை இழுத்தான். பூதத்தின் நெஞ்சு மெதுவாகத் திறந்து உள்ளே எங்கள் இரண்டு கைகளும் தெரிந்தன. வெட்டிய ஓரத்தில் பின்னல் கண்ணிகள் நான் சொன்னபடி அப்படியே நின்றன. பற்கள்வரை வந்துவிட்டேன்.

"மிட்டாய்!" என்று வெளியே சத்தம்.

ஷெட் விளக்கைப் பார்த்து வந்திருக்கிறார்கள். இந்த ராத்திரியில் விளக்கு எரிகிற எந்த இடத்திலும் அவர்கள் கேட்கலாம், நாம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இருவரும் சேர்ந்தே எழுந்தோம். இடுப்பில் இன்னும் ஒன்றாகத்தான் இருந்தோம். ஒரு கையில் கத்தரிக்கோலும் இன்னொரு கையில் வெட்டுப்பட்ட ஓரமுமாகப் பக்கவாட்டில் நகர்ந்து கதவருகே போனோம். எலும்புக்கூடு வேஷத்தில் இரண்டு பேரும் ஒரு தேனீயும் நின்றார்கள். தேனீ எங்கள் நெஞ்சைப் பார்த்து, "இந்தப் பூதத்துக்கு என்ன ஆச்சு?" என்றது.

கர்ட்டை விட்டால் இதற்குப் பத்து பதில் சொல்வான். நான் காத்திருந்தேன். அவன் குனிந்து, இனி அவசியமே இல்லாத அந்தப் பூதத்தின் வாய் வழியாகக் கையை விட்டு மூன்று பேருக்கும் மிட்டாய் கொடுத்தான். பையைக் கவிழ்த்து மிச்சம் இருந்ததையும் தேனீக்கே கொடுத்துவிட்டான்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தோம். வாய்க்குக் கீழே இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு என் விரல்களைப் பார்த்தேன், குளிரில் மரத்துப்போயிருந்தன. நிமிர்ந்தபோது, நான் கேட்காமலே அவன் பற்களின் இரண்டு பக்கமும் துணியைப் பிடித்து, எனக்கு வசதியாக, நேராக இழுத்து வைத்திருந்தான்.